பல கம்பியில்லா வீடியோ டிரான்ஸ்மிட்டர்கள் ஒரே அலைக்கற்றையைப் பகிர்ந்துகொள்வது எப்படி?

கேள்வி இதுதான்: ஓர் அரங்கில் ஆறு கேமராக்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கம்பியில்லா வீடியோ டிரான்ஸ்மிட்டர். தனித்தனியாக இயக்கிப் பார்த்தால் படம் பளிச்சென்று வருகிறது. ஆறையும் சேர்த்து இயக்கினால் ஒன்று உறைந்து நிற்கிறது, இன்னொன்று கட்டம் கட்டமாக உடைகிறது. எது எப்போது போகும் என்று சொல்ல முடியவில்லை. கேமராவுக்கு 8 மெகாபிட் வீதம் மொத்தத் தேவை விநாடிக்கு 48 மெகாபிட். ரூட்டர் பெட்டியில் அதைவிடப் பல மடங்கு எழுதியிருக்கிறது. பிறகு ஏன் போதவில்லை? இருப்பதை எப்படிப் பங்கிடுவது?

கணக்கு பிசகும் இடம் ஒன்றுதான். நீங்கள் மெகாபிட்டைக் கூட்டிப் பார்க்கிறீர்கள். காற்றில் செலவாவது நேரம். ஒரு சானலில், அதாவது அலைக்கற்றையின் ஒரு துண்டில், ஒரு கணத்தில் ஒருவர்தான் பேச முடியும். வைஃபை வகைக் கருவி பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். யாரும் பேசவில்லை என்றால் இன்னும் சற்றுக் காத்திருந்து பேசும். பேசியது போய்ச் சேர்ந்ததா என்ற பதிலுக்கும் காத்திருக்கும். இந்தக் காத்திருப்பும் பதிலும் மட்டுமே பெட்டியில் எழுதிய வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுங்கிவிடும். மிஞ்சுகிற நேரம்தான் ஆறு கேமராக்களுக்கும் பொதுச் சொத்து.

எண்களை வைத்துப் பார்ப்போம். 802.11என் என்ற வைஃபை வகையில், 20 மெகாஹெர்ட்ஸ் சானலில், ஒரே நேரத்தில் இரண்டு தரவு ஓடைகளாகப் பிரித்து அனுப்பினால் கிடைக்கும் வழக்கமான உச்ச வேகம் விநாடிக்கு 130 மெகாபிட். அதில் கைக்கு வருவது 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 மெகாபிட் அனுப்பும் ஒரு கேமரா, ஒவ்வொரு விநாடியிலும் பத்தில் ஒரு பங்கு நேரம் பேசுகிறது. ஆறு கேமராக்களுக்குப் பத்தில் ஆறு பங்கு. இடம் தாராளமாக இருக்கிறது.

இப்போது ஒரே ஒரு கேமரா தூணுக்குப் பின்னால் போகிறது. அதன் சிக்னல் மெலிகிறது. இணைப்பு அறுந்துபோகாமல் இருக்க டிரான்ஸ்மிட்டர் தன் வேகத்தைப் படிப்படியாகக் குறைக்கிறது. இரண்டு ஓடைகளோடு அனுப்பும்போது மிகக் கீழான படி 13 மெகாபிட். கைக்கு வருவது எட்டோ என்னவோ. அந்த ஒரு கேமரா தன் 8 மெகாபிட்டை அனுப்பி முடிக்க விநாடி முழுவதும் பேச வேண்டும். மற்ற ஐந்துக்கும் பாதி விநாடி தேவை. மொத்தத் தேவை ஒன்றரை விநாடி. இருப்பதோ ஒரு விநாடி.

பலர் எதிர்பார்ப்பது, தூணுக்குப் பின்னால் போன கேமரா மட்டும் கெடும் என்று. அப்படி நடப்பதில்லை. வைஃபையின் அடிப்படை விதி எல்லாருக்கும் பேச ஒரே அளவு வாய்ப்பைத் தருகிறது. ஒருவர் அந்த வாய்ப்பில் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று அது பார்ப்பதில்லை. மெதுவாகப் பேசுபவர் ஒரு பாக்கெட்டை, அதாவது ஒரு தரவுத் துண்டை, அனுப்பி முடிக்கும்வரை வேகமானவர்கள் வாய் மூடிக் காத்திருக்கிறார்கள். மேலே சொன்ன எண்களில் கணக்குப் போட்டால், ஆறு கேமராக்களுக்கும் ஏறக்குறைய ஐந்தேகால் மெகாபிட்தான் கிடைக்கும். ரிசீவருக்கு நேர் எதிரே நிற்கும் கேமராவுக்கும் அதே கதிதான். படம் நன்றாக வந்துகொண்டிருந்த கேமரா திடீரென்று உடைவதற்கும், எது போகும் என்று கணிக்க முடியாததற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம். கெட்டுப்போன கேமராவையே திருப்பித் திருப்பிச் சோதித்தால் ஒன்றும் பிடிபடாது. குற்றவாளி வேறொரு கேமரா.

ஆகவே முதல் வேலை, பலவீனமான இணைப்பைக் கண்டுபிடித்து அதன் பிட் வீதத்தை, அதாவது அது விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவை, குறைப்பது. தூணுக்குப் பின்னால் இருக்கும் கேமராவை 8-இலிருந்து 2 மெகாபிட்டுக்கு இறக்கினால் அதற்குக் கால் விநாடி போதும். மற்ற ஐந்துக்கு அரை விநாடி. இன்னும் கால் விநாடி காலியாக இருக்கும். அந்த ஒரு படம் சற்று மங்கும், மற்ற ஐந்தும் பிழைக்கும். டிரான்ஸ்மிட்டரில் பிட் வீதத்தைத் தானாக மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். ‘தரம் குறையக் கூடாது’ என்று அதை அணைத்து, நிலையான பிட் வீதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களை நிறையப் பார்க்கிறேன். தனிக் கேமராவுக்கு அது சரி. பலர் ஒரே சானலைப் பகிரும்போது ஒருவரின் பிடிவாதத்துக்கு ஐந்து பேர் விலை கொடுக்கிறார்கள். சில அணுகுமுனைகளில், அதாவது கேமராக்கள் வந்து இணையும் ரூட்டர் போன்ற வைஃபை பெட்டிகளில், ஒவ்வொரு கருவிக்கும் சமமான நேரம் ஒதுக்கும் வசதியும் இருக்கிறது. ஆனால் அது அணுகுமுனை அனுப்பும் திசையில்தான் நன்றாக வேலை செய்யும். கேமராக்கள் தாமாகப் பேசும் திசையில் அதன் பிடி தளர்வானது. நம் வீடியோ முழுவதும் அந்தத் திசையில்தான் வருகிறது.

அந்தக் கால் விநாடிக் காலியிடத்தை வீண் என்று நினைத்து நிரப்பிவிடாதீர்கள். போய்ச் சேராத பாக்கெட்டை மறுபடி அனுப்ப அந்த இடம் வேண்டும். வீடியோவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சராசரி 8 மெகாபிட் என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரே அளவு என்று பொருளில்லை. எச்.264 போன்ற சுருக்கமுறைகளில் அவ்வப்போது ஒரு முழு ஃபிரேம் வரும். இடையிலுள்ளவை முந்தைய படத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டுமே சொல்லும். விநாடிக்கு 25 ஃபிரேம், விநாடிக்கு ஒரு முழு ஃபிரேம், அது மற்றவற்றைப் போல் எட்டு மடங்கு என்று வைத்துக்கொண்டால், சாதாரண ஃபிரேம் கால் மெகாபிட், முழு ஃபிரேம் 2 மெகாபிட். வீடியோவைச் சுருக்கும் ஆறு என்கோடர்களையும் ஒரே நேரத்தில் இயக்கத் தொடங்கியிருந்தால் ஆறு முழு ஃபிரேம்களும் ஒன்றாகவே வந்து விழும். 12 மெகாபிட், 80 மெகாபிட் குழாயில். வடிய 150 மில்லி விநாடி ஆகும். ஒரு ஃபிரேமுக்கான நேரமோ 40 மில்லி விநாடி. வந்த தரவைச் சற்று நேரம் சேர்த்துவைக்கும் ரிசீவரின் தாங்குநினைவு அதைவிடச் சிறியதாக இருந்தால், விநாடிக்கு ஒருமுறை எல்லாத் திரைகளும் சேர்ந்து ஒரு துடிப்புத் துடிக்கும். அதே முழு ஃபிரேம்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தால் எந்தக் கணத்திலும் ஒரு பெரியதும் ஐந்து சிறியவையும்தான். 40 மில்லி விநாடி அளவில் முடிந்துவிடும். மொத்த பிட் வீதத்தில் ஒரு பிட்கூட மாறவில்லை.

இதைச் சரிசெய்ய எளிய வழி, என்கோடர்களைச் சற்றுச் சற்று இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக இயக்குவது. இதைவிட நல்ல வழி, முழு ஃபிரேமே இல்லாமல், ஒவ்வொரு ஃபிரேமிலும் படத்தின் ஒரு கீற்றை மட்டும் முழுமையாகப் புதுப்பித்துக்கொண்டே போகும் முறை. உங்கள் என்கோடர் அமைப்பில் அது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். நேரலை இணைப்புகளுக்காகவே உருவான அமைப்பு அது. இருந்தும் பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

பிட் வீதத்தைப் பற்றி இன்னொன்று. ஆறு கேமராவுக்கும் ஏன் ஒரே 8 மெகாபிட்? ஒரு நேரத்தில் பார்வையாளர் பார்ப்பது ஒரு கேமராவின் படத்தை. மற்ற ஐந்தும் இயக்குநரின் மேசையில் உள்ள சிறிய கட்டங்களில் தெரிகின்றன. அடுத்து எதற்கு மாறலாம் என்று முடிவெடுக்க அந்த அளவு போதும். ஒளிபரப்பில் இருக்கும் கேமராவுக்கு 12, அடுத்து வரப்போவதற்கு 8, மற்ற நான்குக்கும் ஆளுக்கு 2 என்று கொடுத்தால் மொத்தம் 28 மெகாபிட்தான். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: நெரிசல் குறைகிறது, பார்வையாளர் பார்க்கும் படம் முன்பைவிட நன்றாக இருக்கிறது. தொலைக்காட்சி ஒளிபரப்பில் இதற்கு நெருங்கிய உறவான முறை நெடுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஒரே கற்றையில் பல சானல்களை ஏற்றும்போது எல்லா என்கோடர்களையும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி கவனித்துக்கொண்டிருக்கும். செய்தி வாசிப்பவர் அசையாமல் உட்கார்ந்திருக்கும் சானலிலிருந்து பிட்டுகளை எடுத்து, கால்பந்து ஓடும் சானலுக்குக் கொடுக்கும். கம்பியில்லா இணைப்பில் இதைச் செய்ய ரிசீவர் பக்கத்திலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு ஆணை போக வேண்டும். மாற்றம் ஒரு நொடிக்குள் நடக்க வேண்டும். தொலைவிலிருந்து பிட் வீதத்தை மாற்ற இடம் தரும் என்கோடர் என்றால், எந்தக் கேமரா ஒளிபரப்பில் இருக்கிறது என்று காட்டும், மிக்ஸரின் கேமரா விளக்கு சமிக்ஞையோடு இணைத்துவிடலாம். என் அனுபவத்தில் வேறெந்தச் செலவையும்விட அதிகப் பலன் தரும் மாற்றம் இதுதான். இரு கேமராக்களுக்கிடையே மெல்ல மங்கி மாறும் காட்சிகள் உண்டென்றால், இரண்டாவது கேமராவை முன்கூட்டியே உயர்த்தத் தவறாதீர்கள்.

இதெல்லாம் ஒரே சானலுக்குள் பங்கிடுவது. சானல்களையே பிரித்துக்கொள்வது அடுத்த கட்டம். சிக்கலும் அங்கேதான் கூடுகிறது.

2.4 கிகாஹெர்ட்ஸை மறந்துவிடுங்கள். ஒன்றோடொன்று மோதாத சானல்கள் அங்கே 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அதையும் அரங்கில் இருக்கும் ஒவ்வொரு கைபேசியும் ஹெட்போனும் மொய்த்துக்கொண்டிருக்கும். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை நான்கு, 149 முதல் 165 வரை ஐந்து, ஆக 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒன்பது சானல்கள். இடையில் 52 முதல் 144 வரை இன்னும் பதினாறு இருக்கின்றன. ஆனால் அவை ரேடார்களோடு பகிரப்படுபவை. அங்கே செல்லும் கருவி பேசத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் அமைதியாகக் கேட்க வேண்டும். ரேடார் சத்தம் கேட்டால் சில நொடிகளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அரை மணி நேரம் திரும்பி வரக்கூடாது. ஐரோப்பாவில் வானிலை ரேடார் இயங்கும் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் தொடக்கக் காத்திருப்பு பத்து நிமிடம். நேரலையின் நடுவே ஒரு கேமரா இப்படிப் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். ஒத்திகைக்கும், போனால் பரவாயில்லை என்கிற கேமராவுக்கும் மட்டும் அந்தச் சானல்களைக் கொடுங்கள். எந்தச் சானலை எந்த அளவு ஆற்றலில் பயன்படுத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் நாட்டு விதியைப் பார்த்துவிட்டே இறங்குங்கள்.

சானல் அகலத்தில் ஆசைப்படாதீர்கள். 80 மெகாஹெர்ட்ஸ் என்றால் வேகம் அதிகம் என்று எல்லாரும் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். ரேடார் பகுதியைத் தொடாவிட்டால் 80 மெகாஹெர்ட்ஸில் இரண்டே சானல்கள், 40-இல் நான்கு, 20-இல் ஒன்பது. அகலம் இரட்டிப்பானால் ரிசீவருக்குள் வரும் இரைச்சலும் இரட்டிப்பாகிறது, அதாவது 3 டெசிபல் கூடுகிறது. மெலிந்த சிக்னலுக்கு அந்த 3 டெசிபல் உயிர்போகும் விஷயம். 8 மெகாபிட் வீடியோவுக்கு 20 மெகாஹெர்ட்ஸே மிகுதி. ஆறு கேமராக்களை மூன்று மூன்றாகப் பிரித்து, தள்ளித் தள்ளியுள்ள இரண்டு 20 மெகாஹெர்ட்ஸ் சானல்களில், கம்பியால் இணைத்த இரண்டு அணுகுமுனைகளுக்கு அனுப்பினால், எல்லாரையும் ஓர் 80 மெகாஹெர்ட்ஸில் திணிப்பதைவிட நிம்மதியாக ஓடும். தூணுக்குப் பின்னால் போகும் கேமராவால் பாதிக்கப்படுபவர்களும் இருவராகக் குறைவார்கள்.

தள்ளித் தள்ளி என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு மேடை நிகழ்ச்சியில், பால்கனியில் நிலையாக நிறுத்தியிருந்த கேமராவின் படம் மட்டும் அவ்வப்போது இரண்டு நிமிடம் போய், பிறகு தானே திரும்பி வந்தது. கேபிள், பேட்டரி, ஆன்டெனா எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தோம். கடைசியில்தான் கவனித்தேன்: கையில் கேமராவோடு மேடையைச் சுற்றி வந்த நண்பர் மெமரி கார்டு மாற்ற எங்கள் மேசைக்கு வரும் நேரமும், பால்கனிப் படம் போகும் நேரமும் ஒன்றாகவே இருந்தன. கார்டு மாற்றும் அந்த இரண்டு நிமிடமும் அவருடைய டிரான்ஸ்மிட்டர் எங்கள் ரிசீவர் ஆன்டெனாவுக்கு ஒரு மீட்டர் தொலைவில் இயங்கிக்கொண்டிருந்தது. இருவரும் வெவ்வேறு சானல். ஆனால் அடுத்தடுத்த சானல்.

எந்த டிரான்ஸ்மிட்டரும் தன் சானலுக்குள் மட்டும் அடங்கி நிற்பதில்லை, பக்கங்களில் கசியும். எவ்வளவு கசியலாம் என்பதற்கு 802.11 விதியில் வரம்பு உண்டு. 20 மெகாஹெர்ட்ஸ் சானலில், மையத்திலிருந்து 20 மெகாஹெர்ட்ஸ் தள்ளி, அதாவது அடுத்த சானலின் நடு மையத்தில், கசிவு 28 டெசிபல் குறைந்திருந்தால் போதும். ஏறக்குறைய 630-இல் ஒரு பங்கு. கேட்கச் சிறிதாகத் தெரியும். பால்கனி கேமரா 30 மீட்டர் தொலைவில் இருந்தது. ஒரே ஆற்றலில் அனுப்பினாலும், தொலைவு முப்பது மடங்கு என்றால் வந்து சேரும் ஆற்றல் 900-இல் ஒரு பங்கு. அதாவது விதிக்கு உட்பட்ட கசிவேகூட பால்கனியிலிருந்து வரும் உண்மையான சிக்னலைவிட உரத்துக் கேட்க முடியும். நல்ல கருவிகள் இந்த வரம்பைவிடக் குறைவாகவே கசியும். ஆனாலும் அதை நம்பித் திட்டம் போடக்கூடாது. ஒரு சானல் விட்டு ஒரு சானல் என்று 40 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வைத்தால் வரம்பு 40 டெசிபல், பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதே இடத்தில் நின்றாலும் பால்கனிச் சிக்னல் கசிவைவிடப் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்கும். அன்று நாங்கள் சானலை மாற்றவில்லை. கார்டு மாற்றும் மேசையை அரங்கின் மறுமூலைக்கு நகர்த்தினோம். பால்கனிப் படம் அதன் பிறகு போகவே இல்லை.

டிரான்ஸ்மிட்டர் ஆற்றலைப் பற்றி எழும் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. படம் உடைந்தால் கை தானாக ஆற்றலைக் கூட்டும் பொத்தானுக்குப் போகிறது. 1948-இல் கணிதவியலாளர் கிளாட் ஷானன் நிறுவிய சமன்பாட்டின்படி, ஒரு சானலின் கொள்ளளவு அகலத்தோடு நேர்விகிதத்தில் வளரும். சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தோடு மடக்கை அளவிலேயே, அதாவது மிக மெதுவாகவே, வளரும். ஆற்றலை இரட்டிப்பாக்கினால், மிக நல்ல நிலையில்கூட, ஒரு ஹெர்ட்ஸுக்கு விநாடிக்கு ஒரு பிட் கூடும். அந்த ஆற்றல் மற்ற ஐவருக்கும் இரைச்சலாகப் போய்ச் சேரும், அவர்களும் கூட்டுவார்கள். ரிசீவருக்கு அருகிலுள்ள கேமராக்களின் ஆற்றலைக் குறைப்பதுதான் சரியான திசை. ஆறு சிக்னல்களும் ரிசீவருக்கு ஏறக்குறைய ஒரே உரப்பில் வந்து சேர்ந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இதுவரை சொன்னது சுருக்கி அனுப்பும் வைஃபை வகைக் கருவிகளுக்கு. உங்களிடம் இருப்பது படப்பிடிப்புத் தளங்களில் பயன்படும், ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான தாமதம் கொண்ட இணைப்பு என்றால் கதை வேறு. 1080பி படம் விநாடிக்கு 60 ஃபிரேம் வீதம், பிக்சலுக்கு 24 பிட் என்றால், சுருக்காமல் ஏறக்குறைய 3 கிகாபிட். அதை 20 அல்லது 40 மெகாஹெர்ட்ஸுக்குள் நுழைக்க, அவை படத்தின் முக்கியமான பகுதிகளை வலுவாகவும் நுண் விவரங்களைச் சற்று மெலிதாகவும் காற்றில் ஏற்றுகின்றன. சிக்னல் குறையும்போது படம் உறையாமல் மெல்லப் புள்ளியடிக்கும். இந்த வகை இடைவிடாமல் பேசிக்கொண்டே இருக்கும். ஒரு கருவிக்கு ஒரு சானல், பகிர்வுக்கு இடமில்லை. எத்தனை சுத்தமான சானல் இருக்கிறதோ அத்தனை கேமரா, அவ்வளவுதான். ஆகவே கருவியில் 40-ஐ 20 ஆக்கும் அமைப்பு இருந்தால் மாற்றுங்கள். ‘தானே தேர்ந்தெடு’ அமைப்பை அணைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் சானலைக் கையால் ஒதுக்கி, ஒரு காகிதத்தில் எழுதிக் கருவியின் மேலேயே ஒட்டுங்கள். ஆறு கருவிகள் தாமாகச் சானல் தேடத் தொடங்கினால் ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும். அதே இடத்தில் வைஃபையும் வேண்டும் என்றால் அதற்கென்று ஒரு மூலையை முன்கூட்டியே ஒதுக்கிவையுங்கள். முன்சொன்ன நாகரிகமான ‘கேட்டுவிட்டுப் பேசும்’ கருவி, நிறுத்தாமல் பேசுபவர் பக்கத்தில் வாயே திறக்க முடியாமல் போய்விடும்.

டிரோன் பந்தயங்களில் பயன்படும் அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில் இன்னொரு பொறி உண்டு. தெரிந்துகொண்டால் மற்ற இடங்களிலும் உதவும். அங்கே 5658, 5695, 5732, 5769 என்று 37 மெகாஹெர்ட்ஸ் சம இடைவெளியில் 5917 வரை எட்டு சானல்கள் கொண்ட ஒரு வரிசை உண்டு. சம இடைவெளி என்றால் ஒழுங்காகத்தானே இருக்கும் என்று தோன்றும். ஆனால் இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் அருகருகே இருந்தால், ஒன்றின் அலை மற்றொன்றின் ஆற்றல் பெருக்கிக்குள் புகுந்து கலந்து புதிய அலைகளைப் பிறப்பிக்கும். அவற்றில் உரத்தவை எங்கே விழும் என்று கணக்கிடலாம்: ஒன்றின் அதிர்வெண்ணை இரட்டித்து மற்றொன்றைக் கழிக்க வேண்டும். 5695-ஐ இரட்டித்து 5658-ஐக் கழித்தால் 5732. மூன்றாவது சானலின் தலையிலேயே வந்து உட்கார்கிறது. அங்கே யாரும் நேரடியாகக் குறுக்கிடவில்லை; இருந்தும் மூன்றாமவரின் படம் கெடுகிறது. இதனால்தான் ஆறு பேர் சேர்ந்து பறக்கும்போது 5658, 5695, 5760, 5800, 5880, 5917 என்று இடைவெளிகளை வேண்டுமென்றே ஒழுங்கில்லாமல் வைக்கிறார்கள். இந்த ஆறில் எந்த இரண்டை எடுத்து அப்படிக் கழித்துப் பார்த்தாலும், விடை வேறொரு சானலிலிருந்து 12 மெகாஹெர்ட்ஸாவது விலகியே நிற்கும். நீங்களே ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள், அழகான கணக்கு. பொது உபயோகத்துக்கான 5.8 கிகாஹெர்ட்ஸ் பகுதி 5725 முதல் 5875 வரைதான் என்பதால், இந்த ஆறில் பல அதற்கு வெளியே இருக்கின்றன. உரிமம் வேண்டுமா என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

புதிய தொழில்நுட்பங்கள் பற்றிச் சுருக்கமாக. வைஃபை 6-இல் அணுகுமுனையே யார் எப்போது எந்தத் துண்டில் பேசலாம் என்று கட்டளையிட முடியும். இரு முனைகளும் அதை முழுமையாக ஆதரித்தால் நல்ல முன்னேற்றம். 6 கிகாஹெர்ட்ஸ் பகுதி திறந்திருக்கும் நாடுகளில் அது வரப்பிரசாதம். அமெரிக்கா 2020-இல் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்தது, ஐரோப்பாவில் 480. 60 கிகாஹெர்ட்ஸில் ஒரு சானலே 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் அகலம், ஆனால் ஒரு மனித உடல் குறுக்கே வந்தால் போதும், படம் போய்விடும். நிலையான இரு புள்ளிகளுக்கு நடுவே மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே படத்தைப் பலர் பார்க்க விரும்பினால் கவனம் தேவை. இயக்குநர், ஒப்பனைக் கலைஞர், தயாரிப்பாளர் என்று நான்கு டேப்லெட்கள் அதே சானலிலிருந்து படம் எடுத்தால், ஒரே வீடியோ நான்கு முறை காற்றில் போகிறது. எல்லாருக்கும் ஒரே முறை அனுப்பிவிடலாமே என்று பலமுனைப் பரப்பலுக்குப் போனால், வைஃபை அதைப் பெரும்பாலும் மிகக் கீழான அடிப்படை வேகத்தில், பதிலும் கேட்காமல் அனுப்பும். அந்த வேகம் 5 கிகாஹெர்ட்ஸில் வழக்கமாக 6 மெகாபிட்; 8 மெகாபிட் வீடியோ அதற்குள் எப்படிப் போகும்? கேமராவிலிருந்து ஒருமுறை மட்டும் இறக்கி, கம்பி வழியாக ஒரு கணினிக்குக் கொண்டுபோய், டேப்லெட்களுக்கு வேறொரு சானலில் தனியாகப் பரப்புங்கள். சிக்னல் எட்டவில்லை என்று நடுவில் அதே சானலில் மறுபரப்பி (ரிப்பீட்டர்) வைப்பதும் இதே தவறு. ஒவ்வொரு பாக்கெட்டும் இரண்டு முறை காற்றில் போகும், கொள்ளளவு பாதியாகும்.

கடைசியாகச் சோதனை. காலி அரங்கில் ஆறு கேமராவும் அருமையாக ஓடும். கூட்டம் வந்ததும் படுத்துவிடும். மனித உடலில் பெரும்பகுதி நீர். 5 கிகாஹெர்ட்ஸ் அலையை அது நன்றாகவே உறிஞ்சும். கூடவே ஒவ்வொருவர் பையிலும் ஒரு கைபேசி. ரிசீவர் ஆன்டெனாக்களை மேசை மேல் வைக்காதீர்கள். தலைகளுக்கு மேலே, நல்ல உயரத்தில் ஏற்றுங்கள். எவ்வளவு கோடு சிக்னல் இருக்கிறது என்று பார்ப்பதால் பயன் குறைவு. அணுகுமுனையின் நிர்வாகப் பக்கத்தில் சானல் எத்தனை சதவீத நேரம் நிரம்பியிருக்கிறது, எத்தனை பாக்கெட்டுகள் மறுபடி அனுப்பப்படுகின்றன என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். நிரம்பிய நேரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஏதாவது ஒரு கேமராவின் பிட் வீதத்தைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கைபேசியில் ஓடும் வைஃபை செயலி வைஃபை அல்லாத டிரான்ஸ்மிட்டர்களைக் காட்டாது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பார்க்க அலைமாலை அளவி (ஸ்பெக்ட்ரம் அனலைசர்) வேண்டும்.

ஆறையும் முழு வேகத்தில் இயக்கிவிட்டு, அந்த இரண்டு எண்களையும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கேமராவை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு அரங்கம் முழுக்க நடங்கள். தூணுக்குப் பின்னால் நில்லுங்கள், மேடைக்குப் பின்னால் போங்கள், ரிசீவருக்கு ஒரு மீட்டர் அருகில் வாருங்கள். உங்கள் கையிலுள்ள கேமராவின் படம் எப்படியிருக்கிறது என்று பார்க்க வேண்டாம். மற்ற ஐந்து படங்களும் எங்கே நீங்கள் நிற்கும்போது தடுமாறுகின்றன என்று கேளுங்கள். அந்த இடங்களில் தரையில் நாடா ஒட்டிக் குறித்துவைத்து, நிகழ்ச்சி தொடங்கும் முன் கேமராவைப் பிடிக்கப்போகிறவரை அழைத்துக் காட்டிவிடுங்கள்.